“எழுதுறது மட்டும்தான் மிச்சம்”: கலாநிதி ஆய்வேடு ஏன் இழுபடுகிறது?

பேராதனைப் பக்கம் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்திருக்கும் ஒருவரைச் சந்தித்து, ஆய்வு எந்த மட்டில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரே பதில்தான் வரும்: “எல்லாம் முடிஞ்சுது, எழுதுறது மட்டும்தான் மிச்சம்.” அடுத்த வருடம் கேட்டாலும் அதே பதில். களவேலை முடிந்திருக்கும். ஆய்வுகூட முடிவுகள் எக்செல் கோப்பில் கிடக்கும். தரவிறக்கிய கட்டுரைகளால் மடிக்கணினி நிரம்பியிருக்கும். ஆய்வேட்டை மட்டும் காணோம்.

ஹந்தானை மலைத்தொடரின் அடிவாரத்தில் இப்படிப்பட்டவர்களுக்குக் குறைவே இல்லை. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இந்த மலையடியிலுள்ள பேராதனைக்கு வந்தது. பட்டப்பின் விவசாய நிறுவனம் 1975இலும், பட்டப்பின் விஞ்ஞான நிறுவனம் 1996இலும் இங்கே உருவாயின. மருத்துவம், பொறியியல், கலை என்று மற்றப் பீடங்களிலும் ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலர் ஏற்கெனவே எங்கோ விரிவுரையாளர்கள்; குறித்த காலத்துக்குள் பட்டம் பெறாவிட்டால் பதவி உறுதியாகாது. வகுப்பு எடுக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் இருநூறு, முந்நூறு பக்கம் எழுத வேண்டும். எவருக்கும் இது இலேசான வேலை இல்லை. ஆனால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதல் சிக்கல் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. ஆய்வு வேறு, எழுத்து வேறு என்று நினைக்கிறோம். ஆய்வைச் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் தட்டச்சுச் செய்வதுதான் எழுத்து என்று ஓர் எண்ணம். நடப்பில் எழுதும்போதுதான் ஆய்வில் உள்ள ஓட்டைகள் கண்ணில் படுகின்றன. இந்த மாதிரிகளை ஏன் மார்ச் மாதத்தில் எடுத்தோம்? இந்தச் சரிவை விட்டு அந்தச் சரிவை ஏன் தெரிந்தோம்? நேர்காணல் கொடுத்தவர்களை எப்படித் தேடிப் பிடித்தோம்? செய்த வாரத்தில் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். இரண்டு வருடம் கழித்து எழுத உட்கார்ந்தால் ஞாபகம் பாதி, ஊகம் பாதி. அதனால் முறையியல் அத்தியாயத்தைக் களத்தில் நிற்கும்போதே எழுதத் தொடங்க வேண்டும். அது எல்லா அத்தியாயங்களிலும் இலேசானது. செய்ததைச் செய்தபடி சொல்வதுதான். முதல் அத்தியாயத்தை முதலில் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. சொல்லப்போனால் முன்னுரையைக் கடைசியில் எழுதுவதே புத்தி. உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

அந்த முன்னுரையில்தான் எல்லோரும் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஜோன் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் ஏராளமான ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் பிரித்துப் பார்த்தார். துறை எதுவானாலும் அவற்றில் மூன்று அசைவுகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். முதலில் எழுதுபவர் தன் களம் எது, அதில் இதுவரை என்ன தெரியும் என்று காட்டுகிறார். அடுத்து அந்த அறிவில் எங்கே இடைவெளி என்று சுட்டுகிறார். மூன்றாவதாக அந்த இடைவெளியில் தன் ஆய்வை வைக்கிறார். 1990இல் வந்த அவருடைய நூலில் இந்த மாதிரி முழுமையாக விளக்கப்பட்டது. இன்று உலகெங்கும் ஆய்வெழுத்து வகுப்புகளில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும்? உதாரணத்துக்காக ஒரு தலைப்பை நாமே வைத்துக்கொள்வோம். ஹந்தானையில் ஏறியவர்களுக்குத் தெரியும், மலைச்சரிவில் பெரும்பகுதி பைன் மரங்கள். கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் புல்வெளிகளிலும் நட்ட கரீபியன் பைன். அந்தப் பைனுக்குக் கீழே நாட்டு மரங்களை வளர்த்தெடுக்க முடியுமா என்பது ஒரு மாணவியின் ஆய்வு என்று வையுங்கள். முதல் வரைவில் அவர் எழுதுவது அநேகமாக இப்படி இருக்கும்:

“காடுகள் மனித வாழ்வுக்கு இன்றியமையாதவை. உலகெங்கும் காடுகள் வேகமாக அழிந்து வருகின்றன. இலங்கை இயற்கை வளம் மிக்க ஒரு நாடாகும்.”

இதில் ஒரு வரிகூடப் பிழை இல்லை. ஆனால் ஒரு வரிகூட அவருடைய ஆய்வுக்குத் தேவையும் இல்லை. காடு அழிகிறது என்பது பரீட்சகருக்குத் தெரியாதா? பாடசாலைக் கட்டுரைப் பழக்கம் கலாநிதி ஆய்வேடு வரை கூடவே வருகிறது. வானத்திலிருந்து ஆரம்பித்துத்தான் நிலத்துக்கு இறங்க வேண்டும் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள்.

அதே முன்னுரையை மூன்று அசைவில் எழுதினால்: “சிங்கராஜ வனத்தின் விளிம்பில் உள்ள பைன் தோட்டங்களில், பைனை நிழல்தரும் தாதிமரமாக வைத்துக்கொண்டு மழைக்காட்டு மரங்களை வளர்க்கலாம் என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. அது ஈரவலயத் தாழ்நிலம். ஹந்தானையோ உயரமானது, வறட்சிக் காலத்தில் தீப்பிடிப்பது. அதே முறை இங்கே பலிக்குமா என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது.” நாலைந்து வரிதான். களம், இடைவெளி, தன் இடம் மூன்றும் வந்துவிட்டன. சிங்கராஜ ஆய்வு நிஜமானது. அதை எழுதியவர்களில் பேராதனையின் தாவரவியலாளர்களான குணதிலக்க தம்பதியினரும் உண்டு. ஹந்தானையில் இதற்குள் வேறு யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா என்று தேடுவது அந்த மாணவியின் பொறுப்பு. செய்திருந்தால் இடைவெளி இன்னும் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். இலக்கிய மீளாய்வு என்பதும் இதே தேடல்தான். “இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்” என்று நாற்பது பக்கம் வரிசைப்படுத்துவது மீளாய்வு ஆகாது. யார் யாரோடு உடன்படுகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், எதை ஒருவரும் தொடவில்லை என்று சொன்னால் பதினைந்து பக்கமே போதும்.

ஸ்வேல்ஸின் மாதிரியை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதைச் சொன்னவர்களில் முக்கியமான ஒருவர் நம்மவர்தான். சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணத்தவர். அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்று, யுத்தகாலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, 1994 வரை அங்கே ஆங்கிலம் கற்பித்தார். பிறகு அமெரிக்காவில் பேராசிரியரானார். ஆய்வெழுத்து பற்றி அவர் எழுதியவை இன்று உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. 2006இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் அவர் சுவாரசியமான காரியம் ஒன்றைச் செய்தார். தமிழறிஞரான பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதிய மூன்று கட்டுரைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒன்று உள்ளூர் வாசகருக்குத் தமிழில் எழுதியது. மற்றது உள்ளூர் வாசகருக்கு ஆங்கிலத்தில். மூன்றாவது வெளிநாட்டு ஆய்விதழுக்கு ஆங்கிலத்தில். எழுதியவர் ஒருவர்தான், ஆனால் தொடங்கும் விதம் மாறுகிறது. தமிழில் அவர் தன் சமூகத்தாரோடு பேசும் நெருக்கத்தோடு தொடங்குகிறார். வெளிநாட்டு இதழுக்கு வரும்போது முந்தைய ஆய்வு, இடைவெளி என்ற அந்த மாதிரிக்குக் கிட்ட வருகிறார், ஆனால் முழுக்க அதற்குள் அடங்கிப்போவதும் இல்லை. இது மொழித்திறன் குறைவால் வந்த வித்தியாசம் அல்ல என்பதுதான் கனகராஜாவின் வாதம். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று அறிந்து மாற்றி எழுதும் சாமர்த்தியம் அது.

கலாநிதி மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் கிடையாது. உங்கள் ஆய்வேட்டின் வாசகர் ‘உலகம்’ அல்ல. இரண்டு மூன்று பரீட்சகர்கள். உங்கள் துறையை அறிந்தவர்கள், ஆனால் உங்கள் சரியான தலைப்பை உங்கள் அளவுக்கு அறியாதவர்கள். அவர்களில் ஒருவராவது வெளிநாட்டில் இருக்கலாம். அவருக்கு ஹந்தானை எங்கே என்றும் தெரியாது, தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் அறை என்றால் என்னவென்றும் தெரியாது. ஆனால் புள்ளிவிவரச் சோதனை என்றால் என்னவென்று தெரியும். எதை விளக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை இது தீர்மானிக்கிறது. நம் மாணவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சோதனையைப் பாடநூல்போல மூன்று பக்கம் விளக்குவார்கள், லயன் அறையை ஒரு சொல்லில் தாண்டிவிடுவார்கள்.

பேராதனை மண்ணிலேயே இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. க. கைலாசபதியும் சிவத்தம்பியும் பேராதனையில் படித்த தமிழறிஞர்கள். இருவரும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் கலாநிதிப் பட்டம் பெற்றார்கள். தொம்சன் கிரேக்க மொழிப் பேராசிரியர். சங்க இலக்கியத்தை, கிரேக்கத்தில் தோய்ந்த ஒருவருக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் எழுத வேண்டிய நிலை. எல்லோரும் அறிந்ததுதானே என்று ஒன்றையும் தாண்டிப்போக முடியாது. அந்த நெருக்குதல் அவர்கள் எழுத்துக்கு நன்மையே செய்திருக்கும் என்பது என் எண்ணம். கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்ட் வெளியீடாக நூலுருப் பெற்றது. சிவத்தம்பி 1970இல் பட்டம் பெற்ற ஆய்வு, பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றியது, 1981இல்தான் நூலாக வந்தது. நடுவில் பதினொரு வருடம். ஆய்வேட்டை எழுதும்போதே அது அச்சுக்குப் போகும் மகா நூலாக இருக்க வேண்டும் என்று துடிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது. ஆய்வேடு பரீட்சைக்கான எழுத்து. நூல் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

இனி மொழி. விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ்மொழி மூலம் பாடசாலை படித்து வந்த மாணவர், அதிலும் மலையகத்திலோ வன்னியிலோ ஒரு சிறு பாடசாலையில் படித்து வந்தவர், ஆங்கில ஆய்வேட்டை ஒரு மலையாகப் பார்ப்பது இயல்பு. ஆனால் பரீட்சகர்கள் திருப்பி அனுப்பும் ஆய்வேடுகளைப் பார்த்தால், இலக்கணப் பிழைக்காகத் திரும்பியவை குறைவு. வாதம் எங்கே போகிறது என்று தெரியாமல் திரும்புபவையே அதிகம். ஒழுங்கற்ற வாதத்தை எவ்வளவு நல்ல ஆங்கிலத்தாலும் காப்பாற்ற முடியாது. எனவே முதல் வரைவைக் கலப்பு மொழியில் எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டாம். யோசனை தமிழில் ஓடினால் தமிழில் எழுதுங்கள், கலைச்சொல் ஆங்கிலத்தில் வந்தால் அப்படியே போடுங்கள். ஒவ்வொரு பந்திக்கும் ‘இந்தப் பந்தி என்ன சொல்கிறது’ என்று ஒரு வரி தமிழில் எழுதிப் பாருங்கள். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் பந்தியில் சரக்கு இல்லை. ஆங்கிலத்தைச் செப்பமிடுவது அதற்குப் பிறகு செய்யும் வேலை. அதற்கு உதவ ஆட்கள் கிடைப்பார்கள்.

தமிழில் ஆய்வேடு எழுதுவோருக்குச் சிக்கல் வேறு விதமானது. கோட்பாடுகள் ஆங்கிலத்தில் இருக்கும், தரவு தமிழில் இருக்கும். இரண்டும் சேருமிடத்தில் வசனங்கள் முறுக்கிக்கொள்ளும். “மேற்கொள்ளப்பட்டமை அவதானிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது” என்று முடியும் வசனத்தில் யார் என்ன செய்தார்கள் என்றே தெரியாது. யார் செய்தார் என்று சொல்லிவிட்டால் பாதி வசனம் தானே நேராகிவிடும். தமிழ் மூலங்களைத் தேடுவோருக்கு நூலகம் இணையத்தளம் 2005 முதல் செய்திருக்கும் தொண்டு சாதாரணமானது அல்ல. பேராதனை நூலகமோ, நாட்டில் அச்சாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் ஒன்று. வேறெங்கும் கிடைக்காத பழைய சஞ்சிகை அங்கே ஒரு மூலையில் இருக்கக்கூடும்.

நேரம் இல்லை என்ற பேச்சு எப்போதும் இருக்கும். உண்மையும்கூட. இதைப்பற்றி ரொபர்ட் பொய்ஸ் என்ற உளவியலாளர் 1980களில் அமெரிக்க விரிவுரையாளர்கள் 27 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார். வழக்கம்போல நேரம் கிடைக்கும்போது எழுதியவர்கள் ஓராண்டில் சராசரியாக 17 பக்கம் எழுதினார்கள். தினமும் சிறிது நேரம் எழுதிக் குறித்து வைத்தவர்கள் 64 பக்கம். தினமும் எழுதி, அதை இன்னொருவருக்குக் கணக்கும் காட்டியவர்கள் 157 பக்கம். சிறிய சோதனைதான், இதைப் பிடித்துக்கொண்டு ‘தினமும் எழுது’ என்று மந்திரம் ஓதுவோர் நிறையப் பேர். ஹெலன் ஸ்வோர்ட் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் பிற்காலத்தில் நூறு கல்வியாளர்களை நேர்கண்டபோது, நிறைய எழுதுபவர்களிலும் தினமும் எழுதுவோர் மிகச் சிலரே என்று கண்டார். ஆகவே விடியற்காலை நாலு மணிக்கு எழும்பாதவர் உருப்பட மாட்டார் என்ற பயம் வேண்டாம். ஆனால் பொய்ஸின் மூன்றாவது குழுவைக் கவனியுங்கள். 64ஐ 157 ஆக்கியது யாருக்கோ பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை. இரண்டு நண்பர்கள் வாரம் ஒருநாள் நூலகத்தில் சந்தித்து எழுதியதை ஒருவருக்கொருவர் காட்டினால் போதும், இதற்குக் காசு செலவு இல்லை.

நாட்டு நிலைமையும் நம் கையில் இல்லை. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது, தாள் இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. அதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் யுத்தகாலத்தில் மின்சாரமே இல்லாமல், தாள் தட்டுப்பாட்டில், மாதக்கணக்கில் தாமதமாகும் அஞ்சலை நம்பி எழுதியவர்கள் பற்றிக் கனகராஜா 1996இல் எழுதினார். வெளிநாட்டு இதழ் கேட்ட எண்ணிக்கையில் பிரதி அனுப்பக்கூட வழியில்லாத நிலை அது. நல்ல சிந்தனை இருந்தும் இப்படிப்பட்ட காரணங்களால் உலக அரங்குக்குப் போகாத அறிவு எவ்வளவு என்பதுதான் அவர் கேள்வி. 2002இல் அதை ஒரு முழு நூலாகவே எழுதினார். தாமதம் எல்லாம் மாணவரின் சோம்பேறித்தனம் என்று தீர்ப்புச் சொல்பவர்கள் அந்த நூலைப் படிக்க வேண்டும்.

மேற்பார்வையாளர் விஷயத்துக்கு வருவோம். “சேருக்கு இதைக் காட்ட வெட்கமா இருக்கு, இன்னும் கொஞ்சம் திருத்திட்டுக் காட்டுறன்.” இந்தத் திருத்தம் ஆறு மாதம் ஓடும். சேரும் இவன் எங்கே போனான் என்று தேடமாட்டார், அவருக்கு வேறு பத்து வேலை. மரியாதை வேறு, ஒளித்துவைப்பது வேறு. அரைகுறை வரைவைப் பார்ப்பதற்குத்தான் மேற்பார்வையாளர் இருக்கிறார். முழு அத்தியாயத்தை ஒரே தடவையில் கொடுத்தால் அது மேசையில் மாதக்கணக்கில் கிடக்கும். ஐந்து பக்கத்தைக் கொடுத்து, “சேர், இந்த இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ” என்று கேட்டால் அநேகமாக ஒரு வாரத்தில் வரும். கூடிப் பேசியபின் என்ன தீர்மானித்தோம் என்று அன்றைக்கே ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். ஆறு மாதம் கழித்து “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. வரைவைக் கொடுத்தும் பதிலே வராத மேற்பார்வையாளர்களும் உண்டு. அப்படியென்றால் துறையில் நம்பிக்கையான இன்னொருவரிடம் சீக்கிரமே பேசுங்கள். முன்னேற்ற அறிக்கையில் “திருப்திகரம்” என்று எழுதிக்கொண்டே மூன்று வருடம் ஓட்டுவதால் ஒருவருக்கும் இலாபம் இல்லை.

சின்ன விஷயங்கள் சில. உசாத்துணைகளை முதல் நாளிலிருந்தே சொட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் போட்டு வையுங்கள், கடைசி வாரம் நித்திரை கொள்ளலாம். சாட்ஜிபிடி போன்றவை வசனத்தைச் செப்பமிட உதவும், ஆனால் அவை இல்லாத கட்டுரைகளை இருப்பதாக மேற்கோள் காட்டுவதுண்டு. ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் சேர்ப்பது தற்கொலைக்குச் சமம். பயன்படுத்துவதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் விதி என்னவென்றும் கேளுங்கள். இரண்டு வாரத்தில் பிரசுரிக்கிறோம், பணம் அனுப்புங்கள் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். அப்படிப்பட்ட இதழில் வந்த கட்டுரை உங்கள் பெயருக்குச் சேர்ப்பது களங்கம்தான்.

வாய்மொழிப் பரீட்சை முடிந்ததும் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது திருத்தங்களின் பட்டியல். அதைப் பார்த்து மனம் உடைபவர்கள் உண்டு. திருத்தம் என்பது தோல்வி அல்ல, தேறியவர்களுக்கும் வழக்கமாகக் கிடைப்பதுதான். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் செய்தீர்கள் என்று ஓர் அட்டவணை போட்டுக் கையளித்தால் பரீட்சகருக்கு வேலை குறையும், உங்களுக்குக் காத்திருப்புக் குறையும்.

இதை வாசிக்கும் நீங்கள் ‘எழுதுறது மட்டும் மிச்சம்’ என்ற கட்டத்தில் இருந்தால், மேற்பார்வையாளருக்கு இந்த வாரமே ஐந்து பக்கம் அனுப்புங்கள். முறையியலிலிருந்து எடுத்து அனுப்பினால் சுலபம்.